‘பாலி’ பிறந்த கதை

தோல் ஆலைக் கழிவு என்றதும் எல்லோருக்கும் ஆம்பூரும் வாணியம்பாடியும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கழிவுக்கு எதிரான வழக்கின் பெயரே அப்படி: வேலூர் குடிமக்கள் நல மன்றம். ஆனால் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் அளித்த தீர்ப்பைப் பொறுமையாகப் படித்தால், திண்டுக்கல் அதற்குள் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 ஊர்களில் ஒரு தொண்டு அமைப்பு கிணறு கிணறாகப் போய் எடுத்த கணக்கு அதில் வருகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்டுவந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போய்விட்டன என்றது மனு. நீதிமன்றம் ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. நவம்பர் 30க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வேண்டும், அல்லது சொந்தமாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கெடு வைத்தது. கெடுத்தவரே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கைக்காகச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

தோல் ஆலைக்குத் திண்டுக்கல்லில் ‘தோல் ஷாப்’ என்றுதான் பேச்சு. தோல் அங்கே உப்புப் போட்டுத்தான் வந்து சேரும். ஊறவைத்து உப்பைக் கழுவுவார்கள். பிறகு சுண்ணாம்புக் குழி. முடியும் சதையும் அங்கே கழலும். அதன்பின் பதனிடுதல். ஒரு காலத்தில் அதற்கு ஆவாரம் பட்டையும் கடுக்காயும், பின்னாளில் குரோமிய உப்பும். அந்தக் குழிகளில் நின்று வேலை செய்தவர்களின் வாழ்க்கையை டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலில் எழுதினார்; 2012இல் சாகித்திய அகாடமி விருது அதற்குக் கிடைத்தது. குழியிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஒரு கிலோ தோல் பதனிட்டு வர ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்கிறது அதே தீர்ப்பு. அந்தத் தண்ணீரில் உப்பு, சுண்ணாம்பு, முடித்தூள், கரைந்த புரதம், குரோமியம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும்.

சுத்திகரிப்பு நிலையம் என்று ஒன்று ஊருக்கு வந்தால், கூடவே ஒரு வெள்ளைப் பொடியும் வரும். ரவை போலத்தான் இருக்கும். மூட்டையில் ‘பாலி எலக்ட்ரோலைட்’ என்று அச்சிட்டிருந்தாலும் வேலை செய்பவர்கள் வாயில் அது ‘பாலி’. ஒரு கிலோவை ஆயிரம் லிட்டர் தண்ணீரில் மெல்லக் கலக்கினால் தண்ணீர் கொழகொழவென்று நூல் விடும். அந்தக் கரைசலைக் கழிவுநீரில் லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் பாலி சேரும்படி விட்டால் போதும். கலங்கிக்கிடந்த நீரில் திரள் திரளாகக் கட்டி, கண்ணெதிரே அடியில் உட்காரும். இதில் முறை தப்பக்கூடாது. முதலில் படிகாரமோ இரும்பு உப்போ சுண்ணாம்போ போட்டுத் துகள்களின் எதிர் மின்னூட்டத்தைத் தணிக்க வேண்டும்; அப்போதுதான் அவை ஒன்றையொன்று நெருங்கும். நெருங்கிய சிறு திரள்களைப் பாலியின் நீண்ட சங்கிலி பாலம் போட்டுப் பெருந்திரளாக்கும். பாலியை மிகுதியாக ஊற்றினால் ஒவ்வொரு துகளும் முழுக்கப் பாலியால் மூடப்பட்டு, பாலம் போட இடமில்லாமல் மறுபடி கலங்கல் நிற்கும். அதனால்தான் தினமும் காலையில் ஆறு குடுவைகளில் ஆறு அளவு விட்டுப் பார்க்கும் ஜார் டெஸ்ட்.

அந்த ஜார் டெஸ்டில்தான் ஒரு புதிர் அவ்வப்போது தலைகாட்டும். இரண்டு கம்பெனி மூட்டைகள். இரண்டிலும் எதிர்மின் வகை, மின்னூட்டம் 30 விழுக்காடு, மூலக்கூறு எடை ஒன்றரைக் கோடி என்றே இருக்கும். ஒன்று திண்டுக்கல் மாதிரியான உப்புத் தண்ணீரில் நன்றாகக் கட்டும். இன்னொன்று இரட்டிப்பு அளவு கேட்கும். கலப்படம் என்று சந்தேகப்படுவது இயல்பு. இரண்டும் சுத்தமான சரக்காகவே இருக்கலாம். அவை பிறந்த விதம் வேறு என்பதுதான் பெரும்பாலும் காரணம். அதைச் சொல்ல பாலியின் பூர்வீகத்துக்குப் போக வேண்டும்.

பாலியின் மூலப்பொருள் அக்ரிலமைடு. பிரெஞ்சு வேதியியலாளர் சார்ல் மூரோ 1893இல் அதைத் தயாரித்தார். எதற்கு ஆகும் என்று யாருக்கும் தெரியாமல் அறுபது வருடம் சும்மா கிடந்தது. அதற்கிடையே, நீண்ட சங்கிலி மூலக்கூறு (பாலிமர்) என்று ஒன்று இருக்கவே முடியாது என்று பலர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் ஜெர்மனியில் ஹெர்மன் ஸ்டவுடிங்கர் இருக்கிறது என்று வாதாடினார். 1953இல் அதற்காக நோபல் பரிசும் வந்தது. அவருடைய பள்ளியில் வந்த வெர்னர் கெர்ன் 1930களின் இறுதியில் பாலிஅக்ரிலிக் அமிலத்தை எடுத்து ஆராய்ந்தார். புரதம் மின்னூட்டம் கொண்ட சங்கிலி, ஆனால் சிக்கலானது. அதற்கு ஓர் எளிய மாதிரி வேண்டும் என்பது அவர் நோக்கம்.

மின்னூட்டச் சங்கிலியின் நடத்தை அப்போதிருந்தே விசித்திரமாக இருந்தது. சாதாரண பாலிமர் கரைசலில் தண்ணீர் விட விட, ஒவ்வொரு கிராம் பாலிமரும் தரும் கெட்டித்தன்மை குறைந்து ஒரு நிலையான மதிப்பில் வந்து நிற்கும். மின்னூட்டம் கொண்டது தலைகீழ்: நீர்க்க நீர்க்க ஒவ்வொரு கிராமும் தரும் கெட்டித்தன்மை ஏறிக்கொண்டே போகும். ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் அந்த ஏற்றம் படுத்துவிடும். யேல் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் ஃபுவாஸ் 1948இல் இதை முறையாக அளந்து ஒரு சூத்திரம் எழுதினார். சங்கிலியிலுள்ள ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலி விரிகிறது. நீர்க்கும்போது, சுற்றிலும் நின்று அந்தத் தள்ளலை மறைத்துக்கொண்டிருந்த எதிர் அயனிகள் (சங்கிலிக்கு மாறான மின்னூட்டம் கொண்டவை) விலகுகின்றன. சங்கிலி இன்னும் நீள்கிறது. உப்புப் போட்டால் மறைப்பு திரும்பி வருகிறது, சங்கிலி சுருள்கிறது.

ஃபுவாஸ் எந்தப் பொருளை எடுத்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாலிவைனில் பிரிடின் என்ற மின்னூட்டமற்ற சங்கிலியை முதலில் செய்துகொண்டு, அதன்மேல் பியூட்டைல் புரோமைடை வினைபுரியவிட்டு, பிறகே மின்னூட்டம் ஏற்றினார். கெட்டிக்காரத்தனமான தேர்வு அது. ஒரே தொகுதிச் சங்கிலியை எடுத்துக் கொஞ்சம் ஏற்றலாம், நிறைய ஏற்றலாம்; நீளம் மாறாது. மின்னூட்டம் கொண்ட மோனோமரையே, அதாவது கண்ணியாகச் சேரும் சிறு மூலக்கூறையே, சேர்த்துச் சங்கிலி கட்டியிருந்தால், மின்னூட்டம் கூடக் கூடச் சங்கிலியின் நீளமும் கூடவே மாறியிருக்கும். வளரும் சங்கிலியின் நுனியும் வந்து சேர வேண்டிய மோனோமரும் ஒரே மின்னூட்டம் கொண்டவையாக இருந்தால் ஒன்றையொன்று தள்ளும், வினை மெதுவாகும். எது மின்னூட்டத்தின் விளைவு, எது நீளத்தின் விளைவு என்று பிரிக்கவே முடியாமல் போயிருக்கும்.

ஆய்வகத்திலிருந்து மண்ணுக்கு இந்த மின்னூட்டச் சங்கிலி வந்த கதையும் உண்டு. அமெரிக்காவில் மான்சான்டோ கம்பெனி 1951 டிசம்பரில் கிரிலியம் என்ற பொடியை அறிவித்தது. பாலிஅக்ரிலோநைட்ரைலைக் காரத்தில் வேகவைத்துச் செய்தது. களிமண்ணில் தூவினால் மண் கட்டியாகாமல் பொலபொலவென்று குருணை கட்டும் என்றார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. விலையைக் கேட்டதும் விவசாயிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்று பார்த்த ரூர்வைன், வார்டு இருவரும் 1952இல் எழுதிய கட்டுரைதான், ஒரே சங்கிலி பல துகள்களில் ஒட்டிப் பாலம் போடுகிறது என்ற எண்ணத்துக்கு அடித்தளம். விற்பனையில் தோற்ற பொருள் அறிவில் ஜெயித்தது என்று சொல்லலாம்.

1954இல் அமெரிக்கன் சயனமிட் அக்ரிலமைடை ஆலையில் செய்து விற்கத் தொடங்கியது. டவ் கம்பெனி ‘செப்பரான்’ என்ற பெயரில் பாலிஅக்ரிலமைடைக் கொண்டுவந்தது. யுரேனியத் தாதுக் குழம்பிலிருந்து மண்ணை இறக்குவது அதன் முதல் வேலைகளில் ஒன்று. அணுகுண்டுக் காலத்துச் சுரங்கத்துக்காகத் தேறிய சரக்கு நாற்பது வருடம் கழித்துத் தோல் ஷாப் தண்ணீருக்கு வந்து சேர்ந்தது.

இப்போது பிறப்புக்கு வருவோம். வெறும் பாலிஅக்ரிலமைடுக்கு மின்னூட்டம் கிடையாது. எதிர்மின் பாலி ஆக வேண்டுமானால், சங்கிலியின் சில கண்ணிகளில் அமைடுக்குப் பதிலாகக் கார்பாக்சிலேட் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. நிலக்கோட்டைப் பூச்சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லிகையும் மரிக்கொழுந்தும் கலந்த சரம் வேண்டும். கூடையில் இரண்டையும் போட்டுக் கை போனபடி எடுத்துத் தொடுப்பது ஒரு வழி. முழுக்க மல்லிகையாகவே தொடுத்து முடித்துவிட்டு, பிறகு சில பூக்களுக்கு மட்டும் பச்சைச் சாயம் தொட்டுவைப்பது இன்னொன்று. எண்ணிப் பார்த்தால் இரண்டு சரத்திலும் பத்துக்கு மூன்று பச்சை. ஆனால் சரம் வேறு.

முதல் வழிக்குக் கோபாலிமர் முறை என்று பெயர். அக்ரிலமைடையும் சோடியம் அக்ரிலேட்டையும் ஒன்றாகப் போட்டுச் சங்கிலி கட்டுவது. இங்கே கை எதை அதிகம் எடுக்கிறது என்பதுதான் சிக்கல். அது கரைசலின் அமிலத்தன்மையைப் பொறுத்து மாறும். அமிலம் மிகுந்த கரைசலில் அக்ரிலிக் அமிலம் வேகமாகச் சேரும். காரத்தன்மை கூடினால் அது மின்னூட்டம் பெற்று நுனியால் தள்ளப்படும், அக்ரிலமைடு முந்திக்கொள்ளும். வேகமாகச் சேர்வது முதலில் தீர்ந்துபோகும். ஆகவே தொட்டியில் வினையின் தொடக்கத்தில் பிறந்த சங்கிலியும் கடைசியில் பிறந்த சங்கிலியும் ஒன்றாக இரா. மூட்டையில் எழுதியிருக்கும் 30 என்பது சராசரி. உள்ளே 20உம் இருக்கும், 40உம் இருக்கும். அமிலத்தன்மையைச் சரியான இடத்தில் பிடித்துவைத்தால், அல்லது தீரும் மோனோமரை அவ்வப்போது சேர்த்துக்கொண்டே வந்தால், இந்த ஏற்றத்தாழ்வு குறையும். நல்ல உற்பத்தியாளருக்கும் சுமாரானவருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டாவது வழி நீராற்பகுப்பு. பாலிஅக்ரிலமைடைச் செய்து முடித்துவிட்டுக் காரத்தைச் சேர்த்துச் சூடாக்குவது. காரத்தின் ஹைட்ராக்சைடு அயனி எதிர் மின்னூட்டம் கொண்டது. ஏற்கனவே கார்பாக்சிலேட்டாக மாறிய கண்ணியின் பக்கத்தில் வர அது தயங்கும். இரண்டு பக்கமும் கார்பாக்சிலேட் நிற்கும் அமைடை அது தொடுவதே அரிது. அதனால் மின்னூட்டங்கள் தாமாகவே இடைவெளிவிட்டு அமைகின்றன. எவ்வளவு காய்ச்சினாலும் ஓரளவுக்குமேல் பகுப்பு போகாமல் நின்றுவிடுவதற்கும் அதுவே காரணம். இதையே காரத்துக்குப் பதில் அமிலத்தில் செய்தால் கதை மாறும். அங்கே பக்கத்துக் கார்பாக்சில் தொகுதி பகுப்புக்குத் துணை போகும். மாறியதற்கு அடுத்தது விரைவில் மாறும். மின்னூட்டங்கள் கொத்துக் கொத்தாக அமையும். ஒரே மூலச் சங்கிலி, ஒரே எண்ணிக்கை, பாத்திரத்தில் இருந்தது காரமா அமிலமா என்பதில் மட்டும் வேறுபாடு.

மின்னூட்டத்தை எண்ணுவது எளிது, தரம்பார்ப்பு முறையில் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் முடியும். எந்த வரிசையில் நிற்கின்றன என்று பார்க்கத்தான் கார்பன்-13 காந்த ஒத்ததிர்வுக் கருவி தேவைப்பட்டது. 1980களில் அமெரிக்க ஆய்வாளர்கள் அதைக் கொண்டு, ஒரு கண்ணியையும் அதன் இரண்டு பக்கத்துக் கண்ணிகளையும் சேர்த்துப் படித்து, காரப் பகுப்பும் அமிலப் பகுப்பும் வேறு வரிசை தருகின்றன என்று காட்டினார்கள். மூட்டையில் அந்த வரிசையை யாரும் அச்சிடுவதில்லை. வாங்குபவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வரிசை ஏன் முக்கியம்? திண்டுக்கல் சமவெளியின் தோல் கழிவுநீரில் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று சாதா உப்பு. தூய தண்ணீரில் ஒரு மின்னூட்டம் இன்னொன்றை உணரும் தூரம் பல நூறு நானோமீட்டர் போகும். லிட்டருக்குப் பத்து கிராம் உப்புள்ள நீரில் அது ஒரு நானோமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி கால் நானோமீட்டர். ஆக, நான்கைந்து கண்ணி தள்ளி நிற்கும் மின்னூட்டத்தை இன்னொன்று கண்டுகொள்ளவே செய்யாது. ஃபுவாஸ் கண்ட அந்த விரிவு இங்கே நடக்காது. சங்கிலி எவ்வளவு நீளமாகப் பிறந்தது என்பது மட்டுமே கைகொடுக்கும். அதனால் உப்புத் தண்ணீருக்கு மின்னூட்டத்தைக் கூட்டிப் பிரயோசனமில்லை, நீளத்தைக் கூட்ட வேண்டும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு மானிங் 1969இல் காட்டிய ஒரு வரம்பும் இதோடு சேரும்: தண்ணீரில் மின்னூட்டங்களின் இடைவெளி சுமார் 0.7 நானோமீட்டருக்குக் கீழே போனால், எதிர் அயனிகள் சங்கிலியிலேயே வந்து ஒட்டி உபரியை அணைத்துவிடும். கண்ணிக்குக் கால் நானோமீட்டர் என்றால், ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. அதற்குமேல் ஏற்றுவது காகிதத்தில்தான் மின்னூட்டம்.

இரண்டாவது எதிரி கால்சியம். சுண்ணாம்புக் குழியிலிருந்தும் வருகிறது, நிலத்தடி நீரின் கடினத்தன்மையிலிருந்தும் வருகிறது. இரட்டை மின்னூட்டம் கொண்ட அயனி அது. அடுத்தடுத்து கார்பாக்சிலேட்டுகள் நிற்கும் இடம் கிடைத்தால் இறுகப் பிடித்துக்கொள்ளும். சங்கிலி முடிச்சாகச் சுருங்கி, சில சமயம் கரைசலிலிருந்தே வெளியே விழும். இடைவெளிவிட்டு அமைந்த சங்கிலியில் அந்தப் பிடி அவ்வளவு எளிதல்ல. 30 என்று எழுதிய இரண்டு மூட்டைகளில் ஒன்று தோற்பதன் சூட்சுமம் இதுதான்: ஒன்றில் மின்னூட்டம் கொத்தாகப் பிறந்தது. கால்சியம் மிக அதிகமான நீருக்குக் கார்பாக்சிலேட்டைவிடச் சல்போனேட் கொண்ட மோனோமரைச் சேர்ப்பார்கள்; கால்சியத்துக்கு அதன்மேல் பிடிமானம் குறைவு. ஆனால் கட்டி முடித்த சங்கிலியைக் காரத்தில் காய்ச்சிச் சல்போனேட் வரவழைக்க முடியாது. தொடுக்கும்போதே சேர்த்தால்தான் உண்டு.

நீளத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மூலக்கூறு எடை ஒன்றரைக் கோடி என்றால் ஒரு சங்கிலியில் இரண்டு லட்சம் கண்ணிக்கு மேல். நீட்டிப் பிடித்தால் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. மூலக்கூறு உலகத்தில் இது நம்ப முடியாத நீளம். அவ்வளவு நீளமாக வளர்க்க வேண்டுமானால் தொட்டியில் ஆக்சிஜன் கூடாது, நைட்ரஜன் ஊதி விரட்ட வேண்டும். தொடக்க வெப்பம் குறைவாக இருக்க வேண்டும். வினை தொடங்கிவைக்கும் பொருள் மிகக் கொஞ்சமாக இருக்க வேண்டும். தொடங்கும் இடங்கள் குறைந்தால் ஒவ்வொரு சங்கிலியும் நீளும். மோனோமரில் கலந்த அழுக்கும் சங்கிலியை இடையில் முறிக்கும். பழைய முறையில் அக்ரிலமைடு கந்தக அமிலத்தில் பிறந்தது. பிறகு செப்பு வினையூக்கியில். 1985இல் ஜப்பானின் நிட்டோ கம்பெனி, கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஹிதியாக்கி யமாதா குழுவின் ஆய்வைக் கொண்டு, பாக்டீரியாவின் நொதியால் அக்ரிலமைடு செய்யத் தொடங்கியது. செம்பும் அமிலமும் எட்டிப்பார்க்காத மோனோமர். சங்கிலியின் நீளத்துக்கு அந்தச் சுத்தம் பெரிய வரம்.

பிறந்த பிறகும் கண்டம் நீங்குவதில்லை. தொட்டியில் வினை முடிந்ததும் பாலி ரப்பர் பாளமாகத்தான் இருக்கும். அதை நறுக்கி, சூடான காற்றில் உலர்த்தி, அரைத்தால் பொடி. உலர்த்தும் சூடு அளவு மீறினால் பக்கத்துச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். எவ்வளவு நேரம் கலக்கினாலும் கரையாத கண்ணாடிக் கட்டிகள் மிஞ்சி, குழாய் வாயை அடைக்கும். இதற்கு மாற்றாக 1960களில் டவ் ஆய்வகத்தில் ஜான் வாண்டர்ஹாஃப் போன்றவர்கள் உருவாக்கியதுதான் எண்ணெய்க்குள் நுண்ணிய நீர்த்துளிகளாகப் பாலியைப் பிறப்பிக்கும் முறை. துளிக்குள்ளேயே சங்கிலி வளர்கிறது, உலர்த்தவே வேண்டாம், சில நிமிடத்தில் கரைகிறது. பொடிக்கு ஒரு மணி நேரம் வேண்டும். ஆனால் எண்ணெயையும் சேர்த்து வாங்குகிறோம், சேர்த்துத் தண்ணீரில் விடுகிறோம். சிறிய நிலையங்கள் பொடியையே விரும்புவதில் நியாயம் உண்டு.

கரைக்கும் கையும் சங்கிலியின் பிறப்பில் சேர்த்திதான் என்பேன். வேகமாகச் சுழலும் பம்பில் பாலிக் கரைசலை விட்டால் நீண்ட சங்கிலி நடுவில் அறுபடும். ஒன்றரைக் கோடிக்கு விலை கொடுத்துவிட்டு ஐம்பது லட்சத்தைத் தண்ணீரில் விடுவதாக முடியும். மெல்லத் தள்ளும் பம்பும் மெல்லச் சுழலும் துடுப்பும் வைப்பது அதனால்தான்.

அடியில் சேரும் சேற்றைப் பிழியும் இடத்துக்கு நேர்மின் பாலி வேண்டும். அங்கேயும் இதே இரண்டு பிறப்பு. பழைய முறை, மன்னிக் வினை: பாலிஅக்ரிலமைடை ஃபார்மால்டிஹைடோடும் டைமெத்தில் அமீனோடும் சேர்த்து, பின்னேற்றமாக நேர்மின் தொகுதி தொங்கவிடுவது. மலிவானது. ஆனால் கரைசல் நாள்பட நாள்படச் சங்கிலிகள் தங்களுக்குள் பிணைந்து கெட்டியாகும். கிடங்கில் வைத்துக்கொள்ள முடியாது. இன்று பெரும்பாலும் நேர்மின் மோனோமரை முதலிலேயே சேர்த்துத் தொடுத்ததைத்தான் வாங்குகிறார்கள்.

அதே மன்னிக் வினைக்குத் தோலோடு தொடர்புள்ள இன்னொரு வாழ்வும் கிடைத்திருக்கிறது. பழனி மலைகளில், கொடைக்கானல் பக்கம் பரந்து நிற்கும் வாட்டில் மரம் ஒரு காலத்தில் தோல் பதனிடும் பட்டைக்காக வளர்க்கப்பட்டது. அதே கருப்பு வாட்டில் மரத்தின் பட்டையிலிருந்து எடுத்த டானினை பிரேசிலில் டனாக் கம்பெனி மன்னிக் வினைக்கு உட்படுத்தி, ‘டன்ஃப்ளாக்’ என்ற பெயரில் தண்ணீர் தெளிவிக்கும் நேர்மின் பாலிமராக விற்கிறது. கொடைக்கானலில் இன்று அந்த மரத்தை எப்படி ஒழிப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் போகாமல் ஒட்டன்சத்திரம் சந்தையிலேயே கிடைக்கும் பொருளும் ஒன்று உண்டு. முருங்கை விதை. சூடானில் நைல் கரைப் பெண்கள் கலங்கல் நீரில் முருங்கை விதைப் பொடியைக் கலந்து தெளியவைப்பதைப் பார்த்து, சமியா அல் அசாரியா ஜான் 1970களிலிருந்து அதை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னார். விதையில் இருப்பது வலுவான நேர் மின்னூட்டம் கொண்ட சிறு புரதங்கள். சுமார் அறுபது அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. பாலியின் இரண்டு லட்சத்தோடு ஒப்பிடவே முடியாத குட்டை. ஆகவே பாலம் போட அதனால் முடியாது. துகளின் எதிர் மின்னூட்டத்தின்மேல் போய் ஒட்டி அதைத் தணிக்கும், அவ்வளவுதான். குடம் தண்ணீருக்கு அது போதும். தோல் கழிவுக்கு அது மட்டும் போதாது. கரையும் புரதமும் எண்ணெயும் கூடவே வருவதால், தெளிந்த நீரை நாள்கணக்கில் வைத்தால் கெட்டுப்போகும்.

ஆனால் பிறப்பு என்று பார்த்தால் முருங்கைக்குத்தான் பெருமை. அதன் செல்லுக்குள் புரதம் தொடுக்கும் ரைபோசோம், மரபணுவின் நகலைப் படித்து எந்தக் கண்ணி எங்கே என்று பிசகாமல் தொடுக்கிறது. ஒரு விதையிலுள்ள ஒரு வகைப் புரதத்தின் எல்லா மூலக்கூறும் ஒரே நீளம், ஒரே வரிசை. ஆலையில் பிறக்கும் பாலியில் அச்சு அசலாக ஒன்றுபோல் இரண்டு சங்கிலி இருக்குமா என்பதே சந்தேகம். நாம் வாங்குவது ஒரு பொருளை அல்ல, ஒரு சராசரியை.

பாலி எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலங்கலை இறக்கும், கரைந்த உப்பைத் தொடாது. ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் குடகனாற்றின் மேல்படுகையில் செய்த ஆய்வுகள் நிலத்தடி நீரில் தோல் ஆலை உப்பு பரவிய விதத்தைப் பதிவு செய்திருக்கின்றன. உப்பை எடுக்க ஆர்.ஓ. சவ்வு வேண்டும். தமிழ்நாட்டுத் தோல் ஊர்களில் அது வந்து சேர்ந்தபோது பாலியின் குடும்பத்திலிருந்து இன்னொரு உறுப்பினரும் வந்தது. சவ்வில் கால்சிய உப்பு படிந்து அடைக்காமல் இருக்க ஊற்றும் மருந்தில் பெரும்பாலும் இருப்பது பாலிஅக்ரிலேட். எதிர்மின் பாலியில் இருக்கும் அதே கார்பாக்சிலேட் தொகுதிதான். ஆனால் இதன் மூலக்கூறு எடை சில ஆயிரம் மட்டுமே. சங்கிலி நீளாமல் வேண்டுமென்றே துண்டிக்கும் பொருளைச் சேர்த்துப் பிறப்பித்தது. நீளமாகப் பிறந்தது துகள்களைக் கூட்டிச் சேர்க்கிறது. குட்டையாகப் பிறந்தது வளரும் படிகத்தில் ஒட்டிக்கொண்டு, அவை ஒன்றுசேராமல் கலைத்துவைக்கிறது. நிலையத்தின் ஒரு முனையில் அது, மறுமுனையில் இது.

இந்தப் பாலிஅக்ரிலேட்டும் நேர்மின் பாலியும் சந்திக்கக் கூடாது. சேறு பிழியும் இடத்தில் விட்ட நேர்மின் பாலியில் மிஞ்சியது வடிநீரோடு திரும்ப முதல் தொட்டிக்கு வந்து, அங்கே துகளில் ஒட்டாமல் தப்பி ஆர்.ஓ. வரை போனால், எதிர்மின் பாலிஅக்ரிலேட்டோடு சேர்ந்து சவ்வின்மேல் பசையாகப் படியும். அதைக் கழுவி எடுப்பது பெரும்பாடு. ஆர்.ஓ.வில் அழுத்தம் ஏறத் தொடங்கினால், சவ்வைக் குறைசொல்வதற்கு முன் சேறு பிழியும் இடத்தில் அன்று பாலி எவ்வளவு விட்டார்கள் என்று போய்ப் பார்ப்பதுதான் சரியான முறை.